பெல்ட்டு அறுந்த மத்தியானம்

சுடர்விழி இறந்துபோன செய்தி காலையில் கடை திறக்கிற நேரத்தில் வந்தது. ஆலங்குடி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தாள் பிரகதீஸ்வரி. பக்கத்து டீக்கடைக்காரர் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போயிருந்தார். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் மெஷினுக்கு சுவிட்ச் போடும்போது போன் அடித்தது. சுடர்விழியின் புருஷன் ஆனந்தராஜ்.

"பிரகதி, போயிட்டா" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. வேறு யாரோ போனை வாங்கி, திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடப்போவதாகவும் சொன்னார்.

காய்ச்சல் என்று போய்ப் படுத்தவள். போன வாரம்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் பண்ணி, "ஊசி போட வர்ற புள்ளைக்கு என் நரம்பே சிக்க மாட்டேங்குதுடி, பாவமா இருக்கு" என்று சிரித்தாள். அவளா? பிரகதீஸ்வரி மெஷினின் சுவிட்சை அணைத்தாள். அழுகை வரவில்லை. போக வேண்டும், எடுப்பதற்குள் போய் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். பிரகதீஸ்வரிக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. காலில் இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் வைத்து நடப்பாள். அவளோடு நடக்கிறவர்கள் ஒன்று, முன்னால் போய்விட்டுத் திரும்பி நின்று பார்ப்பார்கள்; இல்லையென்றால் பிடித்துக்கொள்ள வருவார்கள். சுடர்விழி இரண்டையும் செய்ததில்லை. பேச்சு சுவாரசியத்தில் நடப்பதுபோல, அவள் நடைக்கே நடப்பாள். கல்யாணமாகி இலுப்பூருக்கு அந்தப் பக்கம் போன பிறகும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது போனில் பேசாமல் இருந்ததில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றும்போது அம்மா சொன்னாள்: "அம்புட்டுத் தூரம் வண்டியிலயா போவ? பஸ்ஸுல போடி."

"ரெண்டு பஸ்ஸு மாறணும் ஆத்தா. படி ஏறி எறங்கி நான் போயிச் சேர்றதுக்குள்ள எடுத்துருவாங்க."

கார் கேட்டுப் பார்த்தாள். நல்ல முகூர்த்த நாள். தெரிந்த கார்காரர்கள் எல்லாரும் கல்யாண வீடுகளில் இருந்தார்கள். அதனால் ஸ்கூட்டரையே எடுத்தாள். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய வண்டி. கொஞ்ச நாளாகவே அது கிளம்பும்போது ஒரு மாதிரி ஊளையிட்டது. "பெல்ட்டு தேஞ்சுருச்சுக்கா, ஞாயித்துக்கெழம விடுங்க, மாத்திருவோம்" என்று உள்ளூர் மெக்கானிக் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை.

புதுக்கோட்டையைத் தாண்டுகிற வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் போனது. அன்னவாசலுக்கு அப்புறம் ஊளை அதிகமானது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி இழுக்கவில்லை. அவள் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் தைலமரமாக இருந்த ஒரு நீண்ட சாலையில் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தாள். திடீரென்று இடது பக்கப் பெட்டிக்குள் சாட்டையால் அடித்ததுபோல ஒரு சத்தம். அப்புறம் எதுவுமில்லை. இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி தானாக ஓடி, சாலையோர மண்ணில் நின்றது.

என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெல்ட்டு அறுந்துவிட்டது. கியர் வண்டிக்குச் சங்கிலி எப்படியோ அப்படித்தான் ஸ்கூட்டருக்கு இந்த ரப்பர் பெல்ட்டு. இன்ஜின் பக்கம் இருக்கிற புல்லியிலிருந்து பின்னால் கிளட்சுக்கு இழுவையைக் கொண்டுபோவது அதுதான். அது போனால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தள்ளுவதற்கு அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனந்தராஜ் நம்பருக்குப் போட்டாள். எடுத்தது ஒரு பெரியவர்.

"ஐயா, நான் ஆலங்குடி பிரகதீஸ்வரி பேசுறேன். வர்ற வழியில வண்டி நின்னுருச்சு. நான் வந்துருவேன். கொஞ்ச நேரம் வச்சிருக்கச் சொல்லுங்க ஐயா."

"நீங்க யாரும்மா, என்ன மொற வேணும்?"

"மொற எல்லாம் இல்லங்க ஐயா. கூடப் படிச்சவ."

பின்னால் பெண்கள் ஒப்பாரி வைக்கிற சத்தம் போனுக்குள் வந்தது. "சரிம்மா, சொல்றேன். ஆனா அவ தாய்மாமன் வந்ததும் எடுத்துருவோம். ரொம்ப நேரம் போட்டுவைக்க முடியாதுல்ல" என்றார் பெரியவர். யாரையாவது பைக்கில் அனுப்ப முடியுமா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. சாவு வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்குவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

நாலைந்து வண்டிகள் நிற்காமல் போயின. கடைசியில் புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்த ஒரு ஆள் நிறுத்தினார். ஆண்டிச்சாமி என்று பேர் சொன்னார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இலுப்பூரில் தனக்குத் தெரிந்த மெக்கானிக் திருப்பதிக்குப் போன் போட்டார். "பொம்பளப் புள்ள ஒத்தையில நிக்குதுப்பா. கேதத்துக்குப் போற புள்ள. சாமான எடுத்துக்கிட்டு ஒடனே வா" என்று அதட்டலாகவே சொன்னார். மாடு கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருக்கும் என்று அவரும் கிளம்பிவிட்டார்.

திருப்பதி வர முக்கால் மணி நேரம் ஆனது. பைக்கை நிறுத்திவிட்டு ஸ்கூட்டரைச் சுற்றி வந்து பார்த்தவர், முதலில் உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, சாதா ஸ்கூட்டருன்னு நெனச்சு வந்துட்டேன். இந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போட்டிருக்கிற கம்பி, பெல்ட்டுப் பெட்டிய மறிச்சுக்கிட்டு நிக்குது. இதக் கழட்டினாத்தான் மூடிய எடுக்க முடியும்."

"கழட்டுங்கண்ணே."

"அப்ப நீங்க எறங்கணும். வண்டி சாஞ்சிரும்."

அவள் இறங்கி, முழங்கால் மடங்காதபடி காலிப்பரைப் பூட்டி, ஊன்றுகோலில் நின்றாள். வெயில் உச்சியில் இருந்தது. தைலமர நிழல் நிழலாகவே இல்லை. திருப்பதி ஒரு கல்லைக் கொண்டுவந்து வண்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்பானரைப் போட்டார். கம்பியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டுத் தட்டினார், ஸ்பானருக்கு மேலே குழாயை மாட்டி மிதித்தார். ஒன்று திரும்பியது. இன்னொன்று அசையவே இல்லை.

அப்போது சிமெண்ட் மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் ஒரு இளைஞன், ஜஸ்டின் என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. எங்கே போக வேண்டும் என்று கேட்டான். சொன்னாள்.

"அந்த ஊரு வெலக்குல எறக்கி விட்டுருவேன்க்கா. முன்னாடி ஆளு இருக்கு. பின்னாடி மூட்ட மேல உக்காந்துக்கலாம். நாங்க தூக்கி ஏத்தி விடுறோம்."

அவள் அந்த உயரத்தைப் பார்த்தாள். தன்னை இரண்டு ஆண்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதையும், மூட்டைகளுக்கு மேலே தான் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்து போவதையும் நினைத்துப் பார்த்தாள். திருப்பதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அரைமணி நேரத்துல முடிஞ்சிரும் தங்கச்சி" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவரும் நம்பினார்.

"வேணாம் தம்பி. வண்டி ரெடியாயிரும். நீங்க போங்க" என்றாள். குட்டியானை போய்விட்டது. அதன் பிறகு அந்தச் சாலையில் ஒரு வண்டிகூட நின்று கேட்கவில்லை.

இரண்டாவது போல்ட்டை உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்ததும் கருப்பு ரப்பர் தூள் கொட்டியது. அறுந்த பெல்ட்டு நார்நாராகப் பிரிந்து, கிளட்சைச் சுற்றிலும் கயிறு சுற்றின மாதிரி இறுகியிருந்தது. திருப்பதி பிளேடை வைத்து ஒவ்வொரு இழையாக அறுத்து எடுத்தார். அவள் செய்ய ஒரு வேலையும் இல்லை. போனில் இருந்த டார்ச்சைப் போட்டு உள்ளே காட்டினாள். நல்ல வெயிலில் அந்த வெளிச்சம் எதற்கும் உதவாது என்று தெரியும். ஆனாலும் காட்டிக்கொண்டிருந்தாள்.

கிளட்சை வெளியே எடுத்து, உள்ளே இருந்த ஷூ என்கிற பிடிப்புக் கட்டையைத் திருப்பதி கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "சூடேறி மெழுகு போட்ட மாதிரி ஆயிருச்சு. பிடிக்காது" என்றபடி உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். முன் புல்லிக்குள் இருந்த ரோலர்களும் உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. அதற்கு அவரிடம் மாற்று இல்லை. அப்புறம் பையிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தார்.

"அண்ணே, இது என் வண்டிக்கு உள்ளதா?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இல்ல தங்கச்சி. வேற வண்டியில கழட்டினது. ஒங்க வண்டி பெல்ட்டு இலுப்பூர்ல கெடையாது, புதுக்கோட்டையில இருந்துதான் வரணும். நாளைக்கு ஆயிரும். இது ஒரு சொட்டு நீளம் கூட. லேசா வழுக்கும். மெதுவா, ஒரே சீரா போனீங்கன்னா கொண்டுபோயி விட்டுரும். முறுக்கிறாதீங்க."

"மேடு வந்தா?"

"மேட்டுலயும் மெதுவாத்தான்."

அவருக்கும் வேறு வழி தெரியவில்லை என்பது அவர் குரலிலேயே இருந்தது. அவள் தலையாட்டினாள். கம்பியைத் திரும்ப மாட்டி, வெட்டின போல்ட்டுக்குப் பதில் வேறொன்றைப் போட்டு முறுக்கி முடிக்கும்போது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது.

வண்டி கிளம்பியது. சைக்கிள் வேகம். கொஞ்சம் திருகினால் உள்ளே பெல்ட்டு வழுக்குகிற சத்தம் கேட்டது, உடனே கையைத் தளர்த்தினாள். சைக்கிள்காரர்களே அவளைத் தாண்டிப் போனார்கள். "போயிரு, போயிரு" என்று வண்டியிடம் கெஞ்சிக்கொண்டே போனாள். இலுப்பூரைத் தாண்டி விராலிமலை ரோட்டில் திரும்பி, சுடர்விழியின் ஊருக்குப் பிரிகிற கிளைச்சாலைக்கு வந்தபோது, வந்துவிட்டோம் என்றே நினைத்தாள். கண்மாயைச் சுற்றிக்கொண்டு போனால் ஊர்.

சாலை கண்மாய்க்கரை மேல் ஏறுகிற இடத்தில் ஒரு சரிவு. பெரிய மேடு இல்லை. நடந்து போகிறவர்களுக்கு மேடு என்றே தெரியாது. பாதி ஏறியதும் வண்டி நின்றது. திருகினாள். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. இன்னும் திருகினாள். ரப்பர் கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியது. அடுத்த நொடி வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். சாலைக்கு ஓரத்தில் கல் இல்லை, சுவர் இல்லை. நேரே கண்மாய்க்குள் இறங்குகிற பள்ளம், கீழே கருவேல முள். ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. திரும்பவும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறங்கவும் முடியாது. ஊன்றுகோல் சீட்டுக்குப் பக்கத்தில் செருகியிருந்தது, அதை எடுக்கக் கை வேண்டும்.

பைக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்று, மறுபடி அடித்தது. பை முழங்காலுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. கையை விட முடியவில்லை.

போன் ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் அக்கரையில் வேட்டுச் சத்தம் கேட்டது. அப்புறம் மேளம்.

கண்மாயில் தண்ணீர் பாதிதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், எதிர்க்கரையில், ஆட்கள் வரிசையாக வந்தார்கள். நடுவில் பூ அலங்காரம் பண்ணிய பாடை, சிவப்பும் மஞ்சளுமாக, தோளுக்கு மேலே லேசாக ஆடி ஆடி வந்தது. முகம் இருக்கிற பக்கம் எது, கால் இருக்கிற பக்கம் எது என்றுகூட இங்கிருந்து தெரியவில்லை.

"ஆனந்தராஜ்!" என்று கத்தினாள். குரல் தண்ணீரைத் தாண்டவில்லை. இடது கைக் கட்டைவிரல் ஹாரனுக்கு எட்டியது. அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். அந்த மெல்லிய ஹாரன் கண்மாய்க்கரை முழுக்கக் கத்தியது. கொக்குகள் எழுந்து பறந்தன. எதிர்க்கரையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மேளம் அவ்வளவு பக்கத்தில் அடிக்கும்போது அவர்களுக்கு என்ன கேட்கும்? பாடை கருவேலங்காட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. அப்புறமும் அவள் விரலை எடுக்கவில்லை. மூச்சு வாங்கி அழுகை வந்த பிறகுதான் ஹாரன் நின்றது.

சத்தம் கேட்டு வந்தது ஆடு மேய்க்கிற ஒரு பெண். கரைக்குக் கீழே நின்றிருந்தவள், முள்ளை விலக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, இரண்டு பெரிய கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"விடு ஆத்தா. கைய விடு. இனிமே போவாது."

பிரகதீஸ்வரிக்கு விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அந்தப் பெண்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். இருளாயி என்று பேர், அதே ஊர்க்காரி. யாருக்கு வந்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

போனை எடுத்துப் பார்த்தாள் பிரகதீஸ்வரி. ஆனந்தராஜ்தான் இரண்டு தடவையும் கூப்பிட்டிருந்தான்.

"நடந்து போயிரலாமாக்கா? அங்க போயி ஒரு தடவ பாத்துட்டு..."

"சுடுகாட்டுக்குப் பொம்பளைக போக மாட்டாக தாயி. நீ நடந்து போறதுக்குள்ள தீயும் வச்சிருவாக." அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னாள்: "நான் காலையிலேயே போயிப் பாத்துட்டு வந்துட்டேன்."

"எப்படிக்கா இருந்தா?"

இருளாயி யோசித்துச் சொன்னாள். "நல்லாத்தான் இருந்துச்சு. அரக்குக் கலருல சேல கட்டி, தல நெறைய பூ வச்சு, பெரிய பொட்டா வச்சிருந்தாக. ஒறங்குற மாதிரிதான் இருந்துச்சு. மொகம் மட்டும் கொஞ்சம் ஊதியிருந்துச்சு."

ஆடுகளைக் கவனித்துக்கொண்டே அவள் அங்கேயே கூட இருந்தாள். அக்கரையில் புகை எழும்பியது.

ஆண்கள் இந்தப் பக்கத்துப் படித்துறையில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு அந்த வழியாகத் திரும்பினார்கள். முன்னால் வந்த ஆனந்தராஜ் மொட்டைத் தலையோடு வேறு ஆள் மாதிரி இருந்தான். ஸ்கூட்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இங்கனயா பிரகதி நின்ன?"

அவள் எதிர்க்கரையைக் காட்டினாள்.

"நான் சொன்னேன். கொஞ்சம் பொறுங்க, அவ பிரண்டு வந்துக்கிட்டு இருக்குன்னு சொன்னேன். ஒறவா, சம்பந்தமா, எதுக்கு வச்சிருக்கணும்னு கேட்டாங்க." அவன் முகம் கோணியது. "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல பிரகதி. தூக்கிட்டாங்க."

அவனைக் கோபிக்க அவளால் முடியவில்லை. அவனை அன்றைக்கு யார்தான் கேட்டார்கள்?

ஆனந்தராஜும் மற்ற மூன்று பேரும் ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவள் ஹேண்டில்பாரை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சத்தம் இல்லாமல் வண்டி மேட்டைத் தாண்டி, கரையில் போய், ஊருக்குள் நுழைந்தது. தெருவில் பூ சிதறிக் கிடந்தது.

வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் விளக்கு ஏற்றி வைத்து, அதைச் சுற்றிப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரகதீஸ்வரியைக் கண்டதும் யாரோ ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். எல்லாரும் கீழே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருக்க, தான் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. குனிந்து காலிப்பரின் பூட்டைத் தளர்த்திவிட்டு, சேரின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மெல்ல நழுவி ஈரத்தரையில் இறங்கினாள். சுடர்விழியின் அம்மா கண்ணாத்தாள் நகர்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அழுது அழுது குரலே இல்லை.

"வந்துட்டியாடி... அவ மொகத்தப் பாத்தியாடி?"

சுடர்விழியின் மகள் ஹரிணி, ஏழெட்டு வயதுப் பெண், அத்தையின் மடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாத்தேன் ஆத்தா" என்றாள் பிரகதீஸ்வரி.

"எப்படி இருந்தா எம்புள்ள?"

"நல்லாத்தான் இருந்தா ஆத்தா. ஒறங்குற மாதிரி."

"அரக்குச் சேலதான் கட்டி விட்டோம். அவளுக்குப் புடிச்ச சேல. பாத்தியா?"

"பாத்தேன் ஆத்தா. தல நெறைய பூ வச்சிருந்தீங்க. பெரிய பொட்டு."

"ஆமாடி, ஆமா" என்று கண்ணாத்தாள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிரகதீஸ்வரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, கண்ணை மூடி, அந்தச் சேலைக்கு மேலே ஒரு முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். போனில் சிரித்த குரல்தான் வந்தது.